இடமறிந்து பேசும் மரபணுக்கள்

சேவல் முட்டையிடாது. ஆனால் முட்டையின் மஞ்சள்கருவுக்கு அடிப்படையான புரதத்தைச் செய்யும் குறிப்பு சேவலின் உடலெங்கும் இருக்கிறது. வைட்டெல்லோஜெனின் என்பது அந்தப் புரதத்தின் பெயர். பெட்டைக் கோழியில் அதைச் செய்வது கருவகம் என்றுதான் யாரும் நினைப்போம். உண்மையில் செய்வது கல்லீரல். அங்கே தயாராகும் புரதம் ரத்தத்தில் பயணித்து, கருவகத்தில் வளரும் மஞ்சள்கருவில் போய்ச் சேர்கிறது. சேவலின் கல்லீரலிலும் அதே மரபணு இருக்கிறது. வாழ்நாள் முழுக்க வாய் திறப்பதில்லை. ஆனால் அந்தச் சேவலுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஊசி வழியே செலுத்தினால் கதை மாறிவிடும். கூவிக்கொண்டிருக்கும் சேவலின் கல்லீரல், யாருக்கும் தேவைப்படாத மஞ்சள்கருப் புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடத் தொடங்கும். 1970களில் ஆய்வகங்கள் பலமுறை செய்து பார்த்த சோதனை இது.

மனிதர்களிடம் வருவோம். மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கும் ஆணின் முழங்கால் தோலிலும் தாய்ப்பாலின் கேசின் புரதத்துக்கான மரபணு உண்டு. உங்கள் கண்ணின் செல்களில் இன்சுலின் மரபணு உண்டு. மூளையில் செரிமான நொதிகளுக்கான மரபணுக்கள் உண்டு. நம் உடலின் சுமார் 37 லட்சம் கோடி செல்களும் கருவுற்ற ஒற்றை முட்டையிலிருந்து பிரிந்து பெருகியவை. தன் உட்கருவையே இழந்துவிடும் முதிர்ந்த ரத்தச் சிவப்பணு போன்ற விதிவிலக்குகளை விட்டுவிட்டால், எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏ. புரதம் செய்யும் மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. சொத்து சமமாகப் பிரிந்திருக்கிறது. பிறகு எப்படி ஒன்று கல்லீரலானது, இன்னொன்று கண்ணானது?

பேசத் தெரிந்தால் மட்டும் போதாது, இடம் பொருள் ஏவல் அறிந்து பேச வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். மரபணுக்களுக்கு இது அப்படியே பொருந்தும். இன்சுலின் மரபணு கணையத்தில் பேசினால் உயிர் காக்கும். கண்ணில் பேசினால் குழப்பம்தான். எந்த மரபணு எந்தத் திசுவில், எவ்வளவு, எப்போது பேசுகிறது என்பதற்கு உயிரியலில் ‘மரபணு வெளிப்பாடு’ என்று பெயர். கடந்த கால் நூற்றாண்டாக மனிதனிலும் விலங்குகளிலும் திசு திசுவாகப் போய் இந்தப் பேச்சைக் கேட்டுக் குறித்துவைக்கும் பெரும் பணி நடந்துவருகிறது. அந்தக் குறிப்பேடுகள்தாம் மரபணு வெளிப்பாட்டுத் தரவுத்தளங்கள்.

பேச்சைக் கேட்பது எப்படி?

மரபணு நேரடியாக எதையும் செய்வதில்லை. தன்னுடைய நகலைத் தூது ஆர்என்ஏ என்ற மெல்லிய இழையாக அனுப்புகிறது. அந்தத் தூதைப் படித்துத்தான் செல் புரதம் செய்கிறது. மரபணுக்களை ஏவியும் அடக்கியும் வைக்க ஒரு பொறியமைப்பு உண்டு என்பதை 1961இல் பாரிஸில் பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மோனோ இருவரும் விளக்கினார்கள். அவர்கள் பார்த்தது குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா. பாலின் சர்க்கரையான லாக்டோஸ் கிடைக்கும்போது மட்டும் அதைச் செரிக்கும் நொதியை அது செய்கிறது; கிடைக்காதபோது வீண் வேலை செய்வதில்லை. 1965இல் இருவருக்கும், அவர்களுடைய மூத்த சகா ஆந்த்ரே லுவோஃபுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, ஒரு திசுவில் தூது ஆர்என்ஏக்களை எண்ணினால் அங்கே யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும். சொல்வது எளிது. ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும் பொருள். அதைச் சிதைக்கும் நொதிகள் நம் விரல் நுனியிலேயே இருக்கின்றன. 1970களின் இறுதியில் ஒரு சோதனையில் ஒரு மரபணுவைப் பார்ப்பதே பெரிய வேலை. 1995இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் பிரவுன் குழுவினர் கண்ணாடிச் சில்லில் புள்ளி புள்ளியாக மரபணுக்களைப் பதித்து, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியின் 45 மரபணுக்களை ஒரே நேரத்தில் அளந்து காட்டினார்கள். மைக்ரோஅரே என்று அதற்குப் பெயர். 2008 வாக்கில் அடுத்த தாவல் வந்தது. திசுவிலிருக்கும் ஆர்என்ஏக்களைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் எழுத்துகளையும் இயந்திரத்தால் படித்து, எந்த மரபணுவிலிருந்து வந்தது என்று கணினியைக் கொண்டு பொருத்திப் பார்க்கும் முறை அது.

கணக்கு எழுதும் விதமும் எளிமையானதுதான். ஒரு திசுவில் பத்து லட்சம் தூதுகளை எடுத்தால் அதில் இந்த மரபணுவுடையவை எத்தனை? கல்லீரலில் ஆல்புமினுக்குப் பல்லாயிரம். மூளையில் அதே ஆல்புமினுக்குச் சொற்பம். முழு ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், பாதிக்கும் மேற்பட்ட தூதுகள் ஹீமோகுளோபினின் மூன்றே மூன்று மரபணுக்களிலிருந்து வருகின்றன. 20,000 பேர் இருக்கும் மண்டபத்தில் மூன்று பேர் மட்டும் மைக் பிடித்துக்கொண்டிருப்பது போலத்தான்.

இறந்தவர்கள் தந்த பதில்

மனித உடலின் எல்லாத் திசுக்களையும் அளக்க வேண்டும் என்றால் முதல் சிக்கல் விஞ்ஞானம் சார்ந்ததில்லை. உயிரோடு இருக்கும் ஒருவரிடம் ரத்தம் கேட்கலாம். தோலில் சிறு துண்டு கேட்கலாம். இதயத்தையும் மூளையையும் யாரிடம் கேட்பது?

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2010இல் தொடங்கிய ஜீடெக்ஸ் திட்டம் இதற்கு ஒரே வழியைக் கண்டது. இறந்தவர்களிடமிருந்து பெறுவது. 20 வயதுக்கு மேல் 70 வரையிலான மனிதர்கள். விபத்தில் போனவர்கள், நோயில் போனவர்கள். மரணச் செய்தி வந்த சில மணி நேரத்துக்குள் குடும்பத்தாரிடம் பேச வேண்டும். உறுப்பு தானத்துக்குச் சம்மதிக்கும்போது, இந்த மனிதரின் உடல் இன்னொரு விதத்திலும் பயன்படும், அனுமதி தருகிறீர்களா என்று கேட்க வேண்டும். தானம் பெற்ற இதயம் ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று ஒருநாள் குடும்பத்துக்குச் செய்தி வரலாம். தரவுத்தளத்துக்குப் போன திசுவைப் பற்றி அப்படி எந்தச் செய்தியும் வராது. அது தெரிந்தும் சரி என்றவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்.

2020 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான நிறைவுக் கட்டத் தொகுப்பில் 948 பேர் கொடுத்த 17,382 மாதிரிகள் இருந்தன. மூளையின் பல பகுதிகள், இதயம், நுரையீரல், தைராய்டு, மண்ணீரல், தசை, கொழுப்பு, காலின் நரம்பு என்று விரியும் பட்டியல். மரணத்துக்கும் மாதிரி எடுப்பதற்கும் இடையில் கழிந்த நேரமும் ஒவ்வொன்றுக்கும் குறிக்கப்பட்டது. அந்த ஒரு பதிவிலிருந்தே தனி ஆய்வு பிறந்தது. இறந்த பிறகு ஆர்என்ஏ எப்படி மாறுகிறது என்று பார்சிலோனாவின் ரோடெரிக் கீகோ குழு 2018இல் கணக்கிட்டது. தசையில் நூற்றுக்கணக்கான மரபணுக்களின் அளவு வேகமாக மாறுகிறது; மூளையிலோ மாற்றம் குறைவு. இந்த மாற்றங்களை வைத்து இறந்த நேரத்தையே மதிப்பிட முடியும் என்று அவர்கள் காட்டினார்கள்.

ஓர் எழுத்தின் ஏவல்

இத்தனை பாடு எதற்கு? மாரடைப்பு, சர்க்கரை, ஆஸ்துமா என்று பல நோய்களோடு தொடர்புள்ள டிஎன்ஏ வேறுபாடுகளைக் கடந்த இருபது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்திருக்கிறார்கள். வியப்பு என்னவென்றால், அவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்த மரபணுவின் உள்ளேயும் புரதத்தை மாற்றும் இடத்தில் இல்லை. புரதக் குறிப்பு இல்லாத, வெற்றுவெளி என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட இடங்களில் இருக்கின்றன. குறிப்பில் பிழை இல்லை. குறிப்பை எவ்வளவு உரக்கப் படிப்பது என்ற ஏவலில்தான் வேறுபாடு.

ஓர் உதாரணம். முதலாம் குரோமோசோமில் ஓரிடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் குறைவாக இருக்கிறது. மாரடைப்பு வாய்ப்பும் குறைகிறது. அந்த எழுத்து எந்தப் புரதத்தையும் மாற்றவில்லை. 2010இல் ‘நேச்சர்’ இதழில் கிரண் முசுனுரு முதலான ஆய்வாளர்கள் மர்மத்தை அவிழ்த்தார்கள். அந்த மாற்றம், மரபணுவை ஏவும் ஒரு புரதம் வந்து உட்காரப் புதிதாக ஓர் இருக்கை போட்டுக்கொடுக்கிறது. அதனால் அருகிலுள்ள சோர்ட்1 என்ற மரபணு உரக்கப் பேசுகிறது. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைகிறது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி: இந்த விளைவு கல்லீரலில் தெரிகிறது, கொழுப்புத் திசுவில் தெரியவில்லை. கொழுப்புப் பிரச்சினைதானே என்று கொழுப்பை மட்டும் ஆராய்ந்திருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள்.

இப்படித் தேட வேண்டிய இடம் எது என்று சொல்லும் கையேடாகத்தான் ஜீடெக்ஸ் உருவானது. ஒவ்வொருவரின் டிஎன்ஏவையும் அவரது திசுக்களின் பேச்சையும் அருகருகே வைத்துப் பார்த்ததில், புரதம் செய்யும் மரபணுக்களில் ஏறக்குறைய 95 சதவீதத்துக்கு, அதன் அளவை ஏதேனும் ஒரு திசுவிலாவது கூட்டவோ குறைக்கவோ செய்யும் டிஎன்ஏ வேறுபாடு இருப்பது தெரியவந்தது. ஒருவரோடு ஒருவர் நாம் வேறுபடுவது பெரும்பாலும் குரல் அளவில்தான்.

துவையலும் அவியலும்

இந்தக் கையேட்டிலும் ஒரு குறை இருந்தது. கணையத்தையே எடுத்துக்கொள்வோம். இன்சுலின் சுரக்கும் இடம் அது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் கணையத்தை அப்படியே அரைத்து ஆர்என்ஏவை எண்ணினால் முன்னணியில் நிற்பவை செரிமான நொதிகளின் மரபணுக்கள். காரணம், இன்சுலின் செய்யும் செல்கள் இருக்கும் திட்டுகள் கணையத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான். மிக்ஸியில் அரைத்த துவையலை நாக்கில் வைத்துப் பார்த்து, எத்தனை பருப்பு, எத்தனை மிளகாய் என்று சொல்லச் சொன்னால் எப்படி? அவியலாக இருந்தால் ஒவ்வொரு காயையும் தனியே எடுத்துப் பார்க்கலாம்.

அந்த வசதியும் வந்தது. 2009இல் ஒற்றைச் செல்லின் ஆர்என்ஏவைப் படித்துக் காட்டினார்கள். 2015இல் ஒவ்வொரு செல்லையும் ஒரு நுண்துளிக்குள் அடைத்து, அடையாளக் குறி ஒட்டி, ஆயிரக்கணக்கான செல்களை ஒரே நாளில் படிக்கும் முறை வந்தது. அடுத்த ஆண்டு லண்டனில் கூடிய விஞ்ஞானிகள், அவீவ் ரெகேவ், சாரா டைக்மன் இருவரின் முன்னெடுப்பில் மனித செல் வரைபடத் திட்டத்தைத் தொடங்கினார்கள். உடலில் எத்தனை வகைச் செல்கள் உண்டு என்ற, பதில் தெரிந்ததாகப் பாடநூல்கள் பாவனை செய்த கேள்வியை அது மறுபடி திறந்தது.

பலன் வர நாளாகவில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்பது நுரையீரலில் கெட்டியான சளி சேர்ந்து உயிரை வாங்கும் பரம்பரை நோய். அதற்குக் காரணமான சிஎஃப்டிஆர் மரபணு 1989இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் 2018இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் மூச்சுக்குழாயின் செல்களைத் தனித்தனியே படித்தபோது யாரும் எதிர்பாராத ஒன்றைக் கண்டன. நூற்றில் ஒன்றுக்கும் மிகாத, அதுவரை பெயரே இல்லாத ஒரு செல் வகை, சிஎஃப்டிஆர் தூதை மிக அதிகமாக வைத்திருந்தது. அந்தச் செல் வேறு எதைப் போலிருக்கிறது என்று தேடியபோது விடை விலங்குகளிடம் கிடைத்தது. மீனின் செவுளிலும் தவளையின் தோலிலும் உப்பையும் நீரையும் சமன்செய்யும் அயனோசைட் செல்களின் மரபணுப் பேச்சும் இதன் பேச்சும் ஒத்திருந்தன. அதே பெயரை நுரையீரல் செல்லுக்கும் வைத்தார்கள். நம் மூச்சுக்குழாயில் ஒரு மீன் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பட்டியல் போட்ட பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு சம்பவம் நம்மில் பலருக்கு நேரடி அனுபவம். 2020இல் கொரோனா வந்தவர்கள் பலர், ரசம் கொதிக்கும் மணமும் தெரியவில்லை, கற்பூரம் ஏற்றினாலும் தெரியவில்லை என்றார்கள். வைரஸ் நரம்பையே தின்றுவிட்டதோ, மணம் திரும்பவே திரும்பாதோ என்று பயம். வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடிக்கும் கைப்பிடி ஏசிஇ2 என்ற புரதம். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் சந்தீப் ராபர்ட் தத்தா குழு, மனிதன், எலி உள்ளிட்ட உயிரினங்களின் மூக்குச் செல் தரவுகளைப் புரட்டிப் பார்த்தது. மணம் உணரும் நரம்புச் செல்களில் ஏசிஇ2 மரபணு பேசவில்லை. அவற்றைத் தாங்கிப் பராமரிக்கும் துணைச் செல்களில்தான் பேசியது. அடிபட்டது வேலைக்காரர், வீட்டு எஜமானர் நேரடியாகத் தாக்கப்படவில்லை. பெரும்பாலோருக்கு மணம் திரும்பிவந்ததற்கு இது நம்பத்தக்க விளக்கமாக அமைந்தது. அந்த விளக்கம் சில மாதங்களில் கிடைத்ததற்குக் காரணம், தேவையான தரவுகளில் பெரும்பகுதி வேறு ஏதோ கேள்விக்காக ஏற்கெனவே சேகரித்துப் பொதுவில் வைக்கப்பட்டிருந்ததுதான்.

எலியின் ஈரலும் நம் ஈரலும்

இப்போது விலங்குகள் பக்கம் திரும்புவோம். மனித மூளை, மனித ஈரல், எலி மூளை, எலி ஈரல் என்று நான்கு மாதிரிகள் இருக்கின்றன. மரபணுப் பேச்சை வைத்து இரண்டு கட்டாகப் பிரிக்கச் சொன்னால் எப்படிப் பிரியும்? மனிதன் ஒரு பக்கம், எலி ஒரு பக்கமா? மூளை ஒரு பக்கம், ஈரல் ஒரு பக்கமா?

2011இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலிருந்து ஹென்ரிக் கேஸ்மன் குழு இதற்குப் பெரிய அளவில் விடை தந்தது. மனிதன், சிம்பன்சி, போனபோ, கொரில்லா, ஒராங்குட்டான், ரீசஸ் குரங்கு, எலி, வயிற்றுப்பை இனத்தைச் சேர்ந்த ஒப்போசம், முட்டையிட்டுப் பாலூட்டும் பிளாட்டிபஸ், கடைசியாக நம் கோழி என்று பத்து உயிரினங்கள். பெருமூளை, சிறுமூளை, இதயம், சிறுநீரகம், கல்லீரல், விந்தகம் என்று ஆறு உறுப்புகள். தரவுகள் உறுப்பு வாரியாகத்தான் கூடின. கோழியின் ஈரல் கோழியின் மூளையோடு சேராமல் மனிதனின் ஈரலோடு போய் நின்றது. மனிதனும் கோழியும் பிரிந்து முப்பது கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஈரல் என்ற தொழில் அதற்கும் முந்தையது. பரம்பரைகள் பிரிந்தாலும் தொழில்மொழி மாறவில்லை.

எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் மாறவும் இல்லை. மூளையின் பேச்சு மிக மெதுவாக மாறியிருக்கிறது. விந்தகத்தின் பேச்சு மிக வேகமாக. உடலிலேயே மிக அதிகமான மரபணுக்கள் பேசும் இடமும் விந்தகம்தான். மூளையைக்கூட அது விஞ்சிவிடுகிறது.

இதே குழு 2008இல் நம் சேவல் கதைக்கும் ஒரு வால் சேர்த்திருந்தது. கோழிக்கு மூன்று மஞ்சள்கருப் புரத மரபணுக்கள். பிளாட்டிபஸிடம் ஒன்று மிச்சம். மனித டிஎன்ஏவில் தேடினால், உடைந்து உருத்தெரியாமல் போன சிதிலங்கள் அதே இடத்தில் கிடக்கின்றன. பாலூட்டத் தொடங்கிய பரம்பரைக்கு மஞ்சள்கரு தேவையற்றுப்போனது. நீண்டகாலம் பேசத் தேவைப்படாத மரபணு கடைசியில் மொழியையே மறந்துவிடுகிறது.

மரக்கால் மாறினால்

2014 இறுதியில் இந்தச் சித்திரம் குலுங்கியது. எலி மரபணு வெளிப்பாட்டை ஆராய்ந்த ஒரு பெரிய கூட்டுத் திட்டத்தின் கட்டுரை, எலியின் உறுப்புகள் எலியோடும் மனித உறுப்புகள் மனிதனோடும்தான் சேர்கின்றன என்றது. மனித நோய்களுக்கு எலியை மாதிரியாக வைத்துச் செய்யும் ஆய்வுகளின் அடித்தளத்தையே இது கேள்வி கேட்டது.

2015 ஏப்ரலில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யோவாவ் கிலாட் ட்விட்டரில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். அவரும் ஓர்னா மிஸ்ராஹி-மானும் பொதுவில் கிடைத்த தரவுக் கோப்புகளைத் தோண்டி, ஒவ்வொரு மாதிரியும் எந்த இயந்திரத்தில், எந்த ஓட்டத்தில் படிக்கப்பட்டது என்று கண்டுபிடித்திருந்தார்கள். பெரும்பாலும் மனித மாதிரிகள் தனியாகவும் எலி மாதிரிகள் தனியாகவும் ஓட்டப்பட்டிருந்தன. அந்த வேறுபாட்டுக்கு ஈடுகட்டிக் கணக்கிட்டதும் மாதிரிகள் மறுபடி உறுப்பு வாரியாகச் சேர்ந்தன. மூலக் கட்டுரையின் ஆசிரியர்கள் தங்கள் முடிவில் நின்றார்கள். விவாதம் சூடாகவே நடந்தது. ஆனால் துறை கற்றுக்கொண்ட பாடம் நெல் அளக்கும் எவருக்கும் தெரிந்ததுதான். மேலத்தெரு நெல்லை ஒரு மரக்காலாலும் கீழத்தெரு நெல்லை வேறு மரக்காலாலும் அளந்துவிட்டு, எந்தத் தெருவில் விளைச்சல் அதிகம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

தரவுத்தளத்தின் உயிர் எண்களில் மட்டும் இல்லை. யார் எடுத்தார்கள், எப்போது, எந்த இயந்திரத்தில், எந்த வயது விலங்கிலிருந்து என்ற அலுப்பூட்டும் துணைக் குறிப்புகளில் இருக்கிறது. கிலாட் சந்தேகத்தைச் சரிபார்க்க முடிந்ததே அந்தக் குறிப்புகள் பொதுவில் கிடந்ததால்தான். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய ஜியோ என்ற பொதுக் களஞ்சியத்தில் இப்போது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளின் தரவுகள் இருக்கின்றன. கட்டுரை வெளியிட வேண்டுமானால் தரவைப் பொதுவில் வை என்று 2002 முதல் முன்னணி இதழ்கள் நிபந்தனை போட்டன. அந்த நிபந்தனையின் அருமை இப்போதுதான் முழுதாகப் புரிகிறது.

லொசானில் நடத்தப்படும் ‘பிஜீ’ என்ற தளம் இன்னொரு நுட்பமான வேலையைச் செய்கிறது. விலங்குகளை ஒப்பிடும்போது எந்த உறுப்பை எந்த உறுப்போடு ஒப்பிடுவது? மீன் செவுளால் சுவாசிக்கிறது, நாம் நுரையீரலால். எனவே செவுளுக்கு இணை நுரையீரல் என்று தோன்றும். பரிணாம வரலாறு வேறு சொல்கிறது. மீனைக் கழுவும்போது வயிற்றுக்குள் வெள்ளைப் பலூன் போல வருமே, அந்தக் காற்றுப்பைதான் நம் நுரையீரலின் பங்காளி. இரண்டும் ஒரே மூதாதை உறுப்பின் வாரிசுகள். இப்படிப் பங்காளி உறுப்புகளை அடையாளம் கண்டு இணைத்த பிறகே ஐம்பதுக்கும் மேற்பட்ட விலங்கினங்களின் தரவை அந்தத் தளம் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது.

பழைய தரவிலிருந்து புதிய அறுவடையும் நடக்கிறது. 2022இல் வெளிவந்த மாட்டு ஜீடெக்ஸ், மாடுகளின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை வைத்து உருவானது. அதற்காக ஆயிரக்கணக்கில் மாடுகளை அறுக்கவில்லை. உலகின் பல ஆய்வகங்கள் பல காலமாகப் பொதுக் களஞ்சியங்களில் போட்டுவைத்திருந்தவற்றையே ஒரே அளவுகோலில் மீண்டும் கணக்கிட்டார்கள். பால் அளவோடு தொடர்புள்ள டிஎன்ஏ வேறுபாடு எந்தத் திசு வழியாக வேலை செய்கிறது என்று இப்போது தேடிப் பார்க்கலாம். பன்றிக்கும் அதுபோல ஒன்று 2024இல் வந்துவிட்டது.

குறிப்பேட்டில் இல்லாதவர்கள்

வியந்துகொண்டே இருந்தால் குறைகள் கண்ணில் படாது. முதல் குறை, தூது வேறு, புரதம் வேறு. செய்தி நிறைய இருந்தும் புரதம் குறைவாக இருக்கலாம். அதனால்தான் ஸ்வீடனில் மத்தியாஸ் ஊலன் தலைமையில் 2003இல் தொடங்கிய மனிதப் புரத வரைபடம், ஆர்என்ஏவோடு நிற்காமல், புரதத்தைத் தேடி ஒட்டும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு திசுச் சீவல்களில் சாயம் ஏற்றிப் படம் எடுக்கிறது. அந்தப் படங்கள் ஒரு கோடிக்கும் மேல். எல்லாத் திசுக்களிலும் பேசும் மரபணுக்கள் ஏறக்குறைய பாதி என்று 2015இல் அது அறிவித்தது. செல் உயிரோடிருக்கவே தேவையான அன்றாட வேலைகளைப் பார்ப்பவை அவற்றில் பெரும்பான்மை. ஈரலை ஈரலாகவும் கண்ணைக் கண்ணாகவும் ஆக்குவது மீதியிலுள்ள சிறுபான்மையின் பேச்சு.

இரண்டாவது குறை நம்மைத் தொடுவது. ஜீடெக்ஸுக்குத் திசு தந்தவர்களில் நூற்றுக்கு சுமார் 85 பேர் ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்கள். மூன்றில் இரண்டு பேர் ஆண்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அந்த ஓர் எழுத்தைப் போல ஏவலை மாற்றும் எழுத்துகளில், நம்மிடையே அதிகமாகவும் ஐரோப்பியரிடையே அரிதாகவும் இருப்பவை உண்டு. எந்த ஈரலில், எந்தக் கணையத்தில் அவை குரலை ஏற்றி இறக்குகின்றன என்று சொல்ல அந்தக் குறிப்பேட்டில் ஆளில்லை. நாற்பது வயதிலேயே சர்க்கரையும் மாரடைப்பும் வரும் மக்களுக்கு இது ஏட்டுப் பிரச்சினை இல்லை. தொடக்கம் ஆகியிருக்கிறது. மனித செல் வரைபடத்தின் ஆசியக் கிளை, சிங்கப்பூர், ஜப்பான், தென்கொரியா, தாய்லாந்து, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளில் 600க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்திலுள்ள நோயெதிர்ப்புச் செல்களைப் படித்து 2025இல் வெளியிட்டது. ஆனால் அது ரத்தம். ரத்தம் கொடுக்க உயிரோடிருப்பவர் கை நீட்டினால் போதும். ஈரலும் கணையமும் மூளையும் வேண்டுமென்றால் துக்க வீட்டில் ஒருவர் சரி என்று சொல்ல வேண்டும்.

இந்தத் தளங்கள் எல்லாம் இலவசம். ஜீடெக்ஸ் தளத்திலோ மனிதப் புரத வரைபடத்திலோ ஒரு மரபணுவின் பெயரைத் தட்டினால் போதும். கைப்பேசித் திரையில் உறுப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். அந்த மரபணு பேசும் இடத்தில் மட்டும் கோடு உயர்ந்திருக்கும். பிளஸ் டூ மாணவர் ஒருவர் இன்று மாலையே இன்சுலினைத் தேடிப் பார்க்கலாம். கணையத்தில் மட்டும் கோடு எழுவதையும், கண்டபடி வேறெங்கும் எழாமல் இருப்பதையும் காணலாம். அந்தக் கோட்டுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதர். அவர்களின் பெயர் தரவுத்தளத்தில் இல்லை. வயது இருக்கிறது, பத்தாண்டுக் கணக்கில். ஆணா பெண்ணா என்பது இருக்கிறது.